ரெண்டாவது கார்டு சுடவில்லை

முதல் கார்டு சுட்டது. இரண்டாவது கார்டு சில்லென்று இருந்தது. அதுதான் பிரச்சினை.

"ரெண்டையும் உள்ள மாட்டிட்டீங்க போல," என்றார் தங்கபாண்டியன்.

"மாட்டாம என்ன மாமா, அலமாரியிலயா வைக்கிறது?" என்றான் விஜயராஜ்.

தங்கபாண்டியன், ஏலக்காய் மூட்டைக்குள் கைவிட்டு ஈரம் பார்ப்பதுபோல, திறந்திருந்த கம்ப்யூட்டர் பெட்டிக்குள் கையை விட்டு மேல் கார்டைத் தொட்டார். பிறகு கீழ்க் கார்டைத் தொட்டார். அங்கேயே கொஞ்ச நேரம் கையை வைத்திருந்தார்.

"இது சுடுது."

"ஆமா மாமா."

"இது சில்லுன்னு இருக்கு."

"அது வந்து மாமா, கொஞ்சம் கொஞ்சமாத்தான் சூடேறும்."

"அப்பிடியா," என்றார் மாமனார். மகள் சோனியா கொடுத்த காப்பியைக் கடைசிச் சொட்டு வரை குடித்து, டம்ளரைக் கவிழ்த்து வைத்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மாடிப்படி இறங்கிப் போனார்.

"அப்பா என்ன சொன்னாரு?" என்று கேட்டாள் சோனியா.

"சில்லுன்னு இருக்குன்னாரு."

"அம்புட்டுத்தானா?"

"உங்கப்பா எப்பவும் அம்புட்டுத்தான் சொல்வாரு. மிச்சத்த நாமதான் கண்டுபிடிக்கணும்."

அது உண்மைதான். தங்கபாண்டியன் போடியில் நாற்பது வருடம் ஏலக்காய் வாங்கி விற்றவர். தோட்டக்காரர்களோடு துண்டுக்கடியில் விரலைப் பிடித்தே விலை பேசிய கை அவருடையது. கையால் முடிகிற காரியத்துக்கு வாயைச் செலவழிக்க மாட்டார். அதிலும் மருமகனிடம் ஒரு வேலையை நேராகச் சொல்வது மரியாதைக் குறைவு என்பது அவர் கட்சி. குறிப்பாகச் சொல்வார், புரிந்துகொள்வது மருமகன் பொறுப்பு. ஒரு கோடையில், சர்ச்சுக்குப் போய்விட்டு இங்கே வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாம் உட்கார்ந்து மோட்டுவளையையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமனார் தியானம் பழகுகிறார் என்று விஜயராஜ் நினைத்தான். மழைக்காலம் வந்த பிறகுதான், தகரக் கூரையில் ஓட்டை இருந்தது தெரிந்தது.

அந்தத் தகரக் கூரைக்குக் கீழேதான் விஜயராஜின் ஸ்டுடியோ. கல்யாண வீடியோ எடுப்பான், வெட்டி ஒட்டுவான். மாடியேறி வரச் சலித்தே பாதிப் பேர் தேனிக்குப் போய்விடுவார்கள். கடைவீதியில் மாமனாருக்குச் சொந்தமான கட்டடத்தில் முன்பக்கக் கடை ஒன்று காலியாகிப் பூட்டிக் கிடந்தது. பஸ்சை விட்டு இறங்கியதும் கண்ணில் படுகிற இடம். அந்தக் கடை கிடைத்தால் விஜயராஜ் ஆளாகிவிடுவான். கிடைக்காவிட்டால் தகரத்துக்கடியில் வெந்தபடியே கிழவனாகிவிடுவான். கேட்டுவிடலாம் என்றால் வாய் வராது. மாமனாரும் தானாகச் சொல்கிற ஆள் இல்லை.

இந்த நிலைமையில்தான் கம்ப்யூட்டர் படுத்தது. ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் வைத்திருக்கும் சோலைமலை, தன் மகள் கல்யாண வீடியோவை, வருகிற ஞாயிற்றுக்கிழமை மகனின் நிச்சயதார்த்தத்தில் பெரிய திரையில் போட்டுக் காட்ட வேண்டும் என்று சொல்லியிருந்தார். விஜயராஜின் கம்ப்யூட்டரோ, மாலை மாற்றும் காட்சியில் மாப்பிள்ளை கை தூக்கிய இடத்திலேயே நின்றுவிட்டது. பொண்ணு கழுத்தை நீட்டியபடி காலையிலிருந்து காத்திருந்தாள்.

சோனியா போய் அப்பாவிடம் சொன்னாள். பத்து வருடத்தில் முதல் தடவையாக மாமனார் மனமிரங்கினார். வீடியோ நிற்காமல் ஓடப் புது கிராபிக்ஸ் கார்டு வாங்க முப்பதாயிரம் வரைக்கும் என்று கணக்கும் சொல்லிவிட்டு, மருமகனோடு தானே மதுரைக்கு ரயிலேறினார்.

மதுரைக் கடைக்காரர் மேஜைமேல் ஒரு பெரிய டப்பாவையும் இரண்டு சிறிய டப்பாக்களையும் வைத்தார்.

"உங்க பட்ஜெட்டுக்கு ரெண்டு வழி இருக்குங்க. பவரான கார்டு ஒண்ணு. இல்லைன்னா சுமாரான கார்டு ரெண்டு. என்னையக் கேட்டா ஒண்ணே போதும்."

விஜயராஜும் அந்த ஒன்றைத்தான் மனதில் வைத்திருந்தான். மாமனார் மூன்றையும் பிரிக்கச் சொன்னார். ஒவ்வொன்றாக உள்ளங்கையில் ஏந்தி ஏற்றி இறக்கினார். மோந்து பார்த்தார். பிறகு பக்கத்து மளிகைக் கடையிலிருந்து தராசு வாங்கி வரச் சொன்னார்.

ஏலக்காய் வியாபாரத்தில் லிட்டர் எடை என்று ஒன்று உண்டு. ஒரு லிட்டர் பாத்திரத்தில் காயை நிரப்பி நிறுத்துப் பார்ப்பார்கள். கனத்தால் நல்ல காய். பார்வைக்குப் பருத்திருந்தும் எடை நிற்காவிட்டால் பொக்கு. பெரிய கார்டில் முக்கால்வாசி விசிறியும் வெற்றிடமுமாக இருந்தது. சின்னது இரண்டையும் சேர்த்து வைத்ததும் தராசு அந்தப் பக்கம் சாய்ந்தது.

"பெருசு எட நிக்கல," என்றார் தங்கபாண்டியன்.

"ஐயா, இது காய் இல்லீங்க."

"விக்கிறது எல்லாமே காய்தான் தம்பி."

விஜயராஜ் தைரியத்தைத் திரட்டிக்கொண்டு, "மாமா, நான் வச்சிருக்கிற சாஃப்ட்வேருக்கு ரெண்டு இருந்தாலும்..." என்று ஆரம்பித்தான்.

"மாப்ளே, போடிமெட்டுக்கு ஜீப்பு தனியா ஏறுனா, நின்ன வளைவுலயே நிக்கணும். ரெண்டா ஏறுனா ஒண்ண ஒண்ணு இழுத்துட்டு வந்துரும்." பிறகு கடைக்காரர் பக்கம் திரும்பினார். "ரெண்டுக்கும் தனித்தனி டப்பா, தனித்தனி கேரண்டிதான?"

"தனித்தனிதாங்க."

"ரொம்ப நல்லது."

காசு கொடுக்கிறவர் சொல்லே கடைசிச் சொல். திரும்பி வரும் ரயிலில் இரண்டு டப்பாக்களையும் மடியில் வைத்துக்கொண்டு வந்தார் மாமனார். ஆண்டிபட்டி தாண்டும்போது, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே, "இத ஒழுங்கா வச்சுக் காட்டுங்க மாப்ளே. அப்புறம் அந்தக் கடையப் பத்திப் பேசுவோம்," என்றார்.

விஜயராஜுக்கு ரயில் பறந்தது.

இப்போது அந்த இரண்டில் ஒன்று வேலையே செய்யாமல் சில்லென்று உட்கார்ந்திருக்கிறது. மாமனாரும் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டார். விஜயராஜ் மதுரைக்குப் போன் போட்டான்.

"நான் அன்னைக்கே சொல்ல வந்தேன்ணே," என்றார் கடைக்காரர். "உங்க எடிட்டிங் சாஃப்ட்வேர் ஒரு கார்டத்தான் வேல வாங்கும். இன்னொண்ணு சும்மா உக்காந்திருக்கும்."

"சும்மா உக்காந்திருக்குன்னு எங்க மாமாகிட்ட யாரு சொல்றது? நீங்க சொல்றீங்களா?"

"எனக்கெதுக்குண்ணே? என்னையத் தராசுல ஏத்திருவாரு."

"அப்ப அதச் சுட வைக்க ஒரு வழி சொல்லுங்க."

"அண்ணே, கார்டு சுடுதுன்னு தெனம் பத்துப் பேரு போன் பண்றாங்க. சுடலைன்னு போன் பண்ணுன மொத ஆளு நீங்கதான்."

இருந்தாலும் வழி சொன்னார். கார்டின் தாங்கு சக்தியைச் சோதிக்க ஒரு புரோகிராம் இருக்கிறதாம். பழைய டிவி ஒன்றை இரண்டாவது கார்டில் சொருகி அதை ஓட விட்டால், திரையில் ரோமம் முளைத்த வளையம் ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு ரோமத்தையும் வரைந்து வரைந்தே கார்டு கொதித்துப்போகும். வேறு எந்தப் பிரயோஜனமும் கிடையாது.

புதன்கிழமை காலை சோனியா மாடிக்கு வந்து பழைய டிவியைப் பார்த்தாள்.

"ஏங்க, என்ன இது?"

"வடை."

"வடைக்கு எதுக்கு முடி?"

"முடி இருந்தாத்தான் கார்டுக்கு வேல ஜாஸ்தி."

"டீக்கடை வடையில ஒரு முடி கிடந்ததுக்கு அன்னைக்கு அம்புட்டுச் சண்ட போட்டீங்க," என்று சொல்லிவிட்டு அவள் சட்னி அரைக்கப் போனாள்.

கீழே மிக்சி ஓடியதும் மேலே கம்ப்யூட்டர் அணைந்தது. அதுவரை உருவாகியிருந்த தாலி கட்டும் பகுதி முழுக்கப் போயிற்று. இரண்டு கார்டுகளும் ஒரே நேரத்தில் வேலை செய்தால் பழைய பவர் சப்ளை தாங்காது என்று புரிந்தது. விஜயராஜ் தேனிக்கு பஸ் ஏறிப் பெரியதாக ஒன்று வாங்கி வந்தான். அது பெட்டிக்குள் நுழையவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெல்டிங் பட்டறைக்குப் போய் முதுகை அறுத்து வந்தான். பார்த்தால் அதில் ஒரு கார்டுக்குத்தான் வயர் இருந்தது. மிக்சி ரிப்பேர் செய்கிறவர், "ஜாயிண்டு போட்ருவோம். மிக்சிக்கெல்லாம் இப்பிடித்தான் போடுறோம், ஒண்ணும் ஆகல," என்று ஒன்றை இரண்டாக்கிக் கொடுத்தார். சாயங்காலத்துக்குள் வடை மறுபடி சுற்ற ஆரம்பித்தது.

மாமனார் வந்தார். கையை விட்டார். வெடுக்கென்று எடுத்தார்.

"சுடுது."

"ஆமா மாமா," என்றான் விஜயராஜ், பரீட்சையில் பாஸான முகத்தோடு.

"ராத்திரியும் ஓடுமா?"

"விடிய விடிய ஓடும் மாமா."

தங்கபாண்டியன் டிவியில் சுற்றும் வடையை வெகுநேரம் பார்த்தார். எழுந்து போனார். டம்ளரில் பாதிக் காப்பி இருந்தது.

"அப்பா காப்பிய மிச்சம் வச்சு நான் பாத்ததே இல்ல," என்றாள் சோனியா.

கணவனும் மனைவியும் அந்தப் பாதிக் காப்பியை நடுவில் வைத்துக்கொண்டு யோசித்தார்கள். முதல் நாள், சில்லென்று இருந்தபோது முழுக் காப்பி. இன்று, சுட்டபோது அரைக் காப்பி. இதிலிருந்து யாராக இருந்தாலும் வரக்கூடிய முடிவுக்கு விஜயராஜ் வரவில்லை.

"மேல் கார்டு அளவுக்குக் கீழ்க் கார்டு சுடல. அத உங்கப்பா கையிலயே கண்டுபிடிச்சுட்டாரு," என்றான். "ரெண்டு மாட்டுல ஒரு மாடு ஏய்க்குதுன்னு நெனைக்கிறாரு."

"இருக்கும். சுசித்ராகூடப் போன் பண்ணா."

சுசித்ரா அவள் தங்கை. ராசிங்காபுரத்தில் ஃப்ளெக்ஸ் போர்டு அடிக்கும் ஞானதுரைக்கு வாக்கப்பட்டவள். புதுமனைப் புகுவிழாப் படத்தில் ஞானதுரை கண்ணை மூடியிருந்த போட்டோவையே விஜயராஜ் ஆல்பத்தில் ஒட்டிவிட்டதிலிருந்து இரண்டு சகலைகளுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

"என்னவாம்?"

"அப்பா கார்டு வாங்குனது அங்கிட்டும் தெரிஞ்சுபோச்சு. ரெண்டாவது எப்பிடி இருக்குன்னு உங்க சகலை கேட்டாராம்."

"அவனுக்கு எதுக்கு இந்தச் சோலி? ஓடலைன்னா சிரிக்கலாம்னு பாக்குறான். பேய் ஓட்டம் ஓடுதுன்னு சொல்லு."

வியாழக்கிழமை வடையின் ரோமத்தைக் கூட்டினான். கீழ்க் கார்டு அடுப்பாயிற்று. அந்த அனல் மேலே ஏறி, உண்மையாக வேலை செய்துகொண்டிருந்த முதல் கார்டைச் சுட்டது. அது மூச்சு வாங்கி வேகத்தைக் குறைத்தது. கல்யாண வீடியோவில் பந்தி நத்தையாக நகர்ந்தது. ஒருவர் இலையில் அப்பளம் விழுவதற்குள் சோனியா நிஜமாகவே சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டாள். டேபிள் ஃபேனை வைத்தான். வேகம் வந்தது; ஆனால் கீழ்க் கார்டு ஆறிப்போயிற்று. கடைசியில் சோனியாவை மொட்டைமாடிச் சுவரோரம் காவலுக்கு நிறுத்தினான். அப்பா தெருமுனையில் திரும்பினால் ஃபேனை நிறுத்தி வடையைச் சுற்ற விட வேண்டும். போனதும் மாற்ற வேண்டும்.

"ஏங்க, வர்றாரு. வெரசா."

ஃபேன் நின்றது. வடை சுற்றியது. மாமனார் வந்து உட்கார்ந்தார். அன்றைக்கென்று பார்த்து எழுந்திருக்கவே இல்லை. மழை வரும்போல இருக்கிறது என்றார். இந்த வருடம் காய் திரட்சி இல்லை என்றார். சோனியாவைப் பார்த்தார், விஜயராஜைப் பார்த்தார், எதையோ சொல்ல வாயெடுத்து மறுபடி மழைக்கே போனார். தகரக் கூரை காய்ந்தது. பெட்டியிலிருந்து இட்லிச் சட்டி திறந்ததுபோல ஆவி அடித்தது. ஒருவழியாக எழுந்து கையை விட்டவர், விரலை உதறி வாயில் வைத்துக்கொண்டார்.

"எந்நேரமும் ஓடணுமா மாப்ளே?"

"என்ன மாமா இப்பிடிக் கேட்டுட்டீங்க? நீங்க வாங்கிக் குடுத்தத ஒரு நிமிசம் சும்மா விடுவேனா? தேய்ஞ்சு தூளாகுற வரைக்கும் வேல வாங்கிருவேன்ல."

தங்கபாண்டியனுக்குக் கண் கலங்கியது. காப்பியைத் தொடாமலே படியிறங்கினார்.

"அப்பா கண்ணுல தண்ணிங்க," என்றாள் சோனியா.

"பெருமை," என்றான் விஜயராஜ். சொல்லிவிட்டானே தவிர, ஆடை படிந்து கிடந்த அந்தக் காப்பி உறுத்திக்கொண்டே இருந்தது.

இந்தக் கூரைக்கடியில் இனி ஆகாது என்று தெரிந்துவிட்டது. போடிமெட்டில் ஒரு தோட்டத்தில் கணக்கெழுதும் பள்ளிக்கூடச் சிநேகிதனுக்கு அறை இருந்தது. வெள்ளிக்கிழமை விடிந்ததும், தோட்டத்து ஆட்களை ஏற்றிப் போகும் மொக்கையனின் ஜீப்பில், கம்ப்யூட்டரைக் கம்பளியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஏறினான்.

"என்னண்ணே, கைக்கொழந்தையா?" என்று கேட்டாள் எதிரே இருந்த பெண்.

"அதவிட மோசம்," என்றான்.

"கவலைய விடுங்க. மேல நல்ல தணுப்புண்ணே," என்றான் மொக்கையன். எல்லைக்கு அந்தப் பக்கமும் போய் வருகிறவன்; மலை ஏற ஏற அவன் தமிழில் மலையாளமும் ஏறும்.

மொக்கையன் சொன்னது பொய்யில்லை. மேலே நல்ல குளிர்; மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து போனது. முதல் கார்டு குதிரையாக ஓடியது. தாலி ஏறியது, பந்தி முடிந்தது, மறுவீடு கிளம்பியது. கீழேயிருந்து கை எதுவும் வராது என்ற நிம்மதியில் விஜயராஜ் வடையை நிறுத்தி வைத்தான். பழைய டிவியைக் கொண்டு வந்திருந்தும் ஜன்னலோரம் துணி போர்த்தி வைத்திருந்தான்.

சனிக்கிழமை காலை அறைக் கதவு தட்டப்பட்டது. திறந்தால், காதைச் சுற்றி மஃப்ளர், வெளிறிய முகம், மொக்கையனின் தோளைப் பிடித்தபடி தங்கபாண்டியன்.

"பெரியவருக்கு வளைவுக்கு ஒரு வாந்திண்ணே," என்றான் மொக்கையன். "எறங்கிருங்கன்னாலும் கேக்கல. போயே ஆகணும்னுட்டாரு."

நாற்பது வருடம் மலைக் காய் விற்றவருக்கு மலை ஒத்துக்கொள்ளாது. அப்படியும் வந்திருக்கிறார். மாமனார் அவனைத் தாண்டிப் போய்ப் பெட்டிக்குள் கையை விட்டார்.

மேல் கார்டு வெதுவெதுப்பு. கீழ்க் கார்டு, மலை ஊற்றுத் தண்ணீர்.

தங்கபாண்டியன் திரும்பினார். அவர் முகம் மெல்ல விரிந்தது. உதடு பிரிந்தது. மாமாவுக்கு இத்தனை பல் இருப்பது விஜயராஜுக்கு அன்றுதான் தெரிந்தது.

"மலைக்குக் கொண்டாந்தது நல்லதாப் போச்சு மாப்ளே," என்றார். "இப்பத்தான் மனசு குளுந்துச்சு." மருமகனின் தோளைத் தட்டிக்கொடுத்தார். "சாயங்காலம் எறங்கும்போது இன்னொருக்கா எட்டிப் பாக்குறேன்."

அவர் போன பிறகு விஜயராஜ் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். போடி வியாபாரி கத்தினால் பேரம் படியும். சிரித்தால் கதை முடிந்தது. வாங்கிக் கொடுத்த கார்டைச் சும்மா போட்டிருப்பதைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டு, மனசு குளிர்ந்ததாம். பத்து வருடத்தில் காட்டாத பல்லைக் காட்டியிருக்கிறார் என்றால் வயிறு எவ்வளவு எரிந்திருக்கும். கடைவீதிக் கடையின் பூட்டு அவன் கண்ணெதிரே தூரத்தில் ஆடியது.

ஒரே ஒரு வாய்ப்புத்தான் மிச்சம். சாயங்காலம் அந்தக் கை வரும்போது கார்டு நெருப்பாக இருக்க வேண்டும்.

மத்தியானம் வீடியோ முழுவதுமாக முடிந்து பென்டிரைவில் ஏறியது. அதில் சந்தோஷப்படக்கூட அவனுக்கு நேரமில்லை. டிவியைச் சொருகி வடையை ஓட விட்டான். குளிரில் சூடு நிற்கவில்லை. ஜன்னலைச் சாத்தினான். போதவில்லை. கார்டுக்குக் கூடுதல் மின்சாரம் கொடுக்கிற அளவைக் கடைசி வரை தள்ளினான். அப்புறமும் பயம் தீராமல், சிநேகிதனின் கம்பளி மஃப்ளரை எடுத்துக் கீழ்க் கார்டைச் சுற்றிக் கட்டினான்.

சாயங்காலம் மாமனாருக்குப் பதில் ஒரு வாடை வந்தது. மிக்சிக்காரர் போட்ட ஜாயிண்ட் உருகிச் சொட்டியது. டப்பென்று ஒரு சத்தம். வடை ஒருபக்கமாகச் சரிந்து, ரோமமெல்லாம் சிலிர்த்து, மறைந்தது. அவிழ்த்துப் பார்த்தால் கீழ்க் கார்டு உயிரை விட்டிருந்தது. மொக்கையனுக்குப் போன் போட்டான்.

"பெரியவரா? அவரு மத்தியானமே எறங்கிட்டாருண்ணே. வாந்தியே இல்ல. ஒரே சிரிப்பு."

விஜயராஜ் செத்த கார்டை அதன் இடத்திலேயே வைத்து மாட்டி, ராத்திரியே பெட்டியோடு போடிக்கு இறங்கினான்.

ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தத்தில் சோலைமலையின் பெரிய திரையில் வீடியோ ஓடியது. தாலி கட்டும்போது பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். சோலைமலை எல்லார் முன்னிலையிலும் விஜயராஜுக்குத் துண்டு போர்த்தி, மகன் கல்யாணமும் உனக்குத்தான் என்றார். கூட்டத்தில் தங்கபாண்டியனும் இருந்தார். தூரத்திலிருந்தே தலையை ஆட்டி, ஐந்து விரலையும் விரித்து, அப்புறம் என்பதுபோலக் காட்டினார்.

"அஞ்சு மணிக்கு வர்றாராம்," என்றாள் சோனியா.

"தொட்டுப் பாப்பாரு."

"பாக்கத்தான் செய்வாரு."

"செத்துக் கிடக்கு. எப்பிடிச் சுடும்?"

சோனியா மணப்பெண் அலங்காரத்துக்குப் போகிறவள். முடி உலர்த்தும் ஹேர் டிரையர் அவளிடம் இருந்தது. அதை அவள் எடுத்து நீட்டியபோது, இவளைக் கட்டியதற்குக் கடவுளுக்கு நன்றி சொன்னான் விஜயராஜ். நாலேமுக்காலிலிருந்து, பெட்டிக்குள் குனிந்து, செத்த கார்டுக்கு ஆள் மாற்றி ஆள் அனல் காட்டினார்கள். முதலில் வெதுவெதுப்பு. பிறகு காப்பி டம்ளர். பிறகு தோசைக் கல்.

தெருவில் ஜீப் வந்து நின்றது. படியில் செருப்புச் சத்தம். சோனியா டிரையரை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். விஜயராஜ் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, தோளில் போர்த்திய துண்டோடு நிமிர்ந்து நின்றான்.

உள்ளே வந்தது மாமனார் இல்லை. மொக்கையன். ஒரு கையில் ஒயர் கூடை, இன்னொரு கை மூடியிருந்தது.

"பெரியவரு வரல?" என்றான் விஜயராஜ்.

"காலையில இருந்து ராசிங்காபுரத்துக்காரரு நச்சரிக்கிறாராம், அதான் என்னைய அனுப்பிட்டாரு," என்று சொல்லிக்கொண்டே பெட்டியருகில் குனிந்தான் மொக்கையன். "அந்த ரெண்டாவது கார்டு உங்க சகலைக்கு எடுத்ததாம்ல அண்ணே, பெரிய மகளுக்குத் தெரிஞ்சா மொகத்தத் தூக்கும்னு வெளிய சொல்லல. நீங்க ஓட்டிப் பழசாக்கிறாம வச்சிருக்கீங்களான்னு தெனமும் வந்து தொட்டுப் பாத்திருக்காரு. இப்பவும் கைய வச்சுப் பாத்து, சில்லுன்னு இருந்தா மட்டும் இந்தக் கடைச் சாவியக் குடுத்துட்டு வரச் சொன்னாரு."